ஒரு மூடி எசென்ஸ்

எனக்கு முறுக்கு வராது. இதைச் சொல்ல வெட்கமில்லை. கல்யாணமான புதிதில் மூன்று தீபாவளிக்கு முயன்று பார்த்தேன். ஒரு தடவை மாவு அச்சிலேயே இறுகிக்கொண்டது. ஒரு தடவை எண்ணெயில் விழுந்ததும் கரைந்து போனது. மூன்றாவது தடவை பிழிந்ததைக் கடிக்க முடியாமல், துறைமுகத்தில் லோரி ஓட்டுகிற எங்க வீட்டுக்காரர், "போர்ட்டுக்குக் கொண்டு போறேன்லா, லோரி டயருக்கு முட்டுக் கொடுக்க ஆகும்," என்றார். அன்றைக்கு அச்சைத் தூக்கி ஸ்டோர் ரூமில் எறிந்தவள்தான். முறுக்கும் அதிரசமும் இந்த மலேசியக் கிள்ளானில் தெருத்தெருவாக விற்கிறார்கள், வாங்கித் தின்றால் போயிற்று. ஆனால் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறது மட்டும் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது என்று எனக்கொரு வீம்பு. அதனால்தான் சாக்லேட் உருண்டைக்கு வந்தேன்.

அதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமும் வேண்டாம். மேரி பிஸ்கட்டை கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டு தட்டி உருட்ட வேண்டும். ரொம்ப மாவாக்கிவிடக் கூடாது, பல்லுக்குக் கொஞ்சம் அகப்பட வேண்டும். வெண்ணெயை உருக்கி, கொக்கோ தூளைக் கட்டியில்லாமல் கரைத்து, டின் பாலை ஊற்றி, பிஸ்கட் தூளைக் கொட்டிப் பிசைந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. உள்ளங்கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, சாக்லேட் ரைஸ் என்று இங்கே சொல்கிற குட்டிக் குட்டித் துகளில் புரட்டி, காகிதக் கிண்ணத்தில் வைத்து பிரிட்ஜில் ஏற்றிவிடலாம். அடுப்பு எரிவது ஐந்து நிமிஷம். முறுக்கு வராதவள் கூட மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு மூடி எசென்ஸ் விடுவேன். அங்கேதான் வந்தது வினை.

கேக் சாமான் விற்கிற கடையில் அந்தக் குட்டிப் போத்தல்கள் வரிசையாக நின்றன. வெனிலா எல்லாரும் போடுகிறார்கள், நமக்கென்று ஒரு வாசனை இருக்கட்டுமே என்று தேடிக்கொண்டிருந்தேன். 'ரம் ஃபிளேவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த போத்தல் கையில் அகப்பட்டது. யாரும் எதையும் மறைக்கவில்லை. நான்தான் படித்தேன், நான்தான் கூடையில் போட்டேன். வாழைப்பழ எசென்ஸில் வாழைப்பழமா இருக்கிறது? ரோஸ் எசென்ஸை எந்தப் பூவைப் பிழிந்து எடுத்தார்கள்? எல்லாம் வெறும் வாசனைத் தண்ணீர் என்று என் மூளை எனக்குச் சொன்னது. வீட்டுக்குள் பீர் டின் நுழைந்தால் சாமியாடுகிறவள் நான். அந்தப் போத்தலை ஆறு தீபாவளிக்கு என் கையால் திறந்து, மூடியில் அளந்து ஊற்றினேன்.

ஊற்றியதும் வாசனை என்ன வாசனை! ஹோட்டல் கேக் தோற்றுப் போகும்.

எங்கள் சந்தில் பதினாறு வீடுகள். தீபாவளிக்குப் பதினொரு டப்பா நிரப்புவேன், சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. முதல் டப்பா எப்போதும் எதிர் வீட்டுக்கு. எதிர் வீட்டு மலாய்க்காரப் பெண்மணி என்னைவிட எட்டு வயது மூத்தவர். மலாயில் நான் 'காக்' என்பேன், நம்ம அக்காதான். அவர் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில், இங்கே தமிழில் சொல்லிப் போகிறேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எனக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனபோது, என் மூத்தவளைத் தன் பிள்ளைகளோடு படுக்க வைத்துப் பதினோரு நாள் பார்த்துக்கொண்டவர் அவர். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு ரெண்டாங், தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்த இறைச்சிக் கறி, வராத வருஷமில்லை. எங்களுக்கு மாட்டிறைச்சி ஆகாதென்று கோழியில் தனியாகக் கிண்டிக் கொடுப்பார், அதற்கென்று தனிச் சட்டி வைத்திருந்தார்.

நானும் சளைத்தவளில்லை. அவர் வீட்டுக்குப் போகிற உருண்டைக்கென்று தனிப் பேசின், தனிக் கரண்டி வைத்திருந்தேன். எங்க வீட்டுக்காரர் எப்போதாவது கூட்டாளிகளோடு காட்டுப்பன்றி தின்றுவிட்டு வருகிறவர். என் அடுப்படிக்குள் அது வந்ததே இல்லை, இருந்தாலும் மனசு கேட்காது. பிஸ்கட்டில் ஹலால் முத்திரை இருக்கிறதா, வெண்ணெயில் இருக்கிறதா, சாக்லேட் ரைஸில் இருக்கிறதா, எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அந்தப் போத்தலை மட்டும் பார்க்கவில்லை. ஹலால் என்றால் பன்றியும் அறுப்பும் என்றுதான் என் மண்டையில் பதிந்திருந்தது. ஒரு மூடித் தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது? அக்கா ஒரு தடவை கூட, "இதில் என்ன போட்டாய்?" என்று கேட்டதில்லை. என் கையை நம்பி வாங்கினார்.

அண்ணனுக்கு வயிற்றில் புற்று வந்தது, நான் எசென்ஸ் ஊற்ற ஆரம்பித்த நான்காவது வருஷம். அந்தத் தீபாவளிக்கு டப்பாவைக் கொண்டு போனபோது ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். கஞ்சி கூட இறங்கவில்லை, எதைக் கொடுத்தாலும் வாந்தி என்று அக்கா அழுதார். அண்ணன் டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார். ஓர் உருண்டையை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டார். மெல்லவில்லை, கரைய விட்டார். அது வெளியே வரவில்லை. "வாசனை நல்லா இருக்கு," என்றார்.

அப்புறம் எனக்குக் கேட்கவா வேண்டும்? தீபாவளி முடிந்தும் மூன்று தடவை செய்து கொண்டு போனேன். ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று. அடுத்த மாசம் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டார். கடைசி வாரத்தில் அவர் நாக்கில் பட்டது தண்ணீரும் என் சாக்லேட்டும்தான். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! "கடைசியா அந்த மனுஷன் வாய்க்குப் பிடிச்சது என் கையால செஞ்சதுதான்," என்று ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் கூடப் பெருமையடித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எனக்கு வேலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வக்கீல் ஆபீசில் கோப்பு அடுக்குகிற வேலை. ஆறாவது வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாளைக்கு முன், காலையில் அக்கா வீட்டுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டு, ஆபீசுக்கு ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு மலாய்ப் பெண், நல்ல மரியாதைக்காரி. உருண்டையை எடுத்தவள் வாயருகே கொண்டுபோய் நின்றாள்.

"ஆன்டி, இது என்ன வாசனை?"

"எசென்ஸ்தாம்மா. ரம் ஃபிளேவர்," என்றேன் பெருமையாக.

அவள் அதை மெதுவாக டிஷ்யூ தாளில் வைத்தாள். "சாரி ஆன்டி, கோபிச்சுக்காதீங்க. இதை நான் எடுத்துக்க முடியாது."

"அது வெறும் வாசனைதான்லா!"

"சிலதுல நிஜமாவே கலந்திருக்கும் ஆன்டி. இல்லாட்டியும் அந்தப் பேரு போட்டதை நாங்க தொடமாட்டோம்." இதைச் சொல்லவே அவளுக்குச் சங்கடம். என் கையைத் தொட்டு, "நீங்க அன்பா கொண்டு வந்தீங்க, அது போதும்," என்றாள்.

மத்தியானமே தலைவலி என்று லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலைத் திருப்பினேன். பொடி எழுத்தில் இருந்தது. ஆல்கஹால் இத்தனை சதவீதம். ஐயோ கடவுளே என்று அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம். அக்கா, அவர் பிள்ளைகள், அவர் வீட்டுக்கு வந்து போன உறவுக்காரர்கள். எல்லாரையும் விட அண்ணன், சாகக் கிடந்த மனுஷன், வாயில் ஒதுக்கி ஒதுக்கிக் கரைத்தவர்.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பொய் சொன்னேன். எழுந்து நேரே எதிர் வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, அந்த டப்பாவைக் கொடுங்க. நான் ஊத்தின பால் டேட் முடிஞ்சு போச்சு, இப்பத்தான் பார்த்தேன். வேற செஞ்சு தரேன்."

அக்கா சிரித்தார். "அடிப் பைத்தியமே, நான் காலையிலேயே நாலு தின்னுட்டேன். என் வயிறு கல்லு மாதிரி இருக்கு, ஒண்ணும் ஆகல."

எனக்குச் சிரிப்பு வருகிறது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். அத்தனையையும் குப்பைப் பையில் கொட்டிக் கட்டினேன். புதுப் பேசின், புதுக் கரண்டி வாங்கி, எசென்ஸே இல்லாமல் உருட்டிக் கொண்டு போனேன். அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வாசனை இல்லையே. அவருக்குப் பிடிச்சது அதுதானே," என்றார். கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "இந்தத் தடவை மறந்துட்டேன்க்கா," என்று இன்னொரு பொய்யை அதன் மேல் வைத்தேன்.

எங்க வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். வாய்த் துடுக்கு உள்ளவர்தான், ஆனால் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை.

"உனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. தெரியாம சாப்பிட்டா அவங்க மார்க்கத்துல குத்தமில்ல, என்கூட லோரி ஓட்டின எத்தனை பேரு சொல்லிக் கேட்டிருக்கேன். அதோட விட்டுடு."

"எப்படிங்க விடுறது?"

"சொன்னா என்ன ஆகும், யோசி. புருஷனைப் பறிகொடுத்துட்டு இப்பத்தான் அந்தம்மா நாலு பேரோட பேசுது, சிரிக்குது. உன் புருஷன் கடைசியா தின்னது இதுதான்னு போய்ச் சொல்லப் போறியா? அவங்க நிம்மதிக்காகவா சொல்லப் போற? உன் நிம்மதிக்காக."

அவர் சொன்னபடியே சும்மா இருந்துவிட்டேன். சும்மா இருக்கிறது ரொம்பச் சுலபமாக இருந்தது, அதுதான் அசிங்கம். காலையில் அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கையாட்டினால் நானும் ஆட்டுவேன். பாசாரில் பார்த்தால் கறிவேப்பிலையைப் பாதியாகப் பிய்த்துக் கொடுப்பேன். பெருநாளுக்குக் கோழி ரெண்டாங் வந்தது, அந்தத் தனிச் சட்டியிலேயே வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்க வீட்டுக்காரர்தான் முழுசையும் தின்றார்.

பெருநாள் முடிந்த கையோடு அக்காவுக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கடிதம் வந்தது. அண்ணனும் அவரும் சேர்ந்து பதிந்து வைத்துப் பல வருஷமாகக் காத்திருந்தார்கள். அண்ணனுடைய முறை வருமுன் அவர் போய்விட்டார். அக்கா கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார். தன் தம்பியோடு போகிறாராம். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீடா வருவேன், முதல்ல உன் வீட்டுக்குத்தான் வருவேன்," என்றார்.

எதற்கு வருவார் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பழகின அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வருவோமோ மாட்டோமோ, யாருடைய மனக்குறையும் கூட வரக் கூடாது என்று. வெறும் மன்னிப்பு மட்டுமில்லை. உங்கள் வீட்டில் நான் தின்றதை, குடித்ததை மனசார எனக்கு விட்டுக் கொடுங்கள், அது எனக்கு ஹலாலாகட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். பின் வீட்டு அங்கிள் போனபோது என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார். ஒரு கோப்பை பாலில்லாத தே ஓ குடித்ததற்கு இவ்வளவா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது அப்போது.

இப்போது அக்கா வந்து என் கையைப் பிடித்து அதையே கேட்டால் நான் என்ன சொல்வேன்? "கொடுத்தேன்க்கா," என்று சொல்லி அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பேனா? இத்தனை காலம் எங்க வீட்டுக்காரர் சொன்னதே சரி என்று இருந்தவளுக்கு அங்கே முடியாமல் போயிற்று. என் நிம்மதிக்காகத்தான் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்விக்குப் பொய்யாகப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அக்கா அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். ஹாலில் பெட்டி திறந்தபடி கிடந்தது, வெள்ளைத் துணிகளை மடித்து வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, ஒரே மூச்சில் சொன்னேன். போத்தல், மூடி, ஆறு வருஷம், அண்ணன். எதையும் பூசி மெழுகவில்லை.

அக்கா கரண்டியைச் சட்டியிலேயே விட்டார்.

"உனக்குத் தெரியுமா அப்ப?"

"சத்தியமா தெரியாதுக்கா. என் பிள்ளைங்க மேல ஆணை."

"எப்பத் தெரிஞ்சது?"

"போன தீபாவளிக்கு."

அவர் விரலை மடக்கி மாசங்களை எண்ணினார். "அந்தப் பால் டேட் முடிஞ்சதுன்னு சொன்னது பொய்யா?"

"பொய்தான்க்கா."

"நான் அந்த வாசனை இல்லையேன்னு சொன்னேன். அவரை நினைச்சு உன் முன்னாடி அழுதேன். அப்பவும் உனக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன். வெங்காயம் கருகுகிற வாடை வந்தது. அக்கா அடுப்பை அணைத்தார். "அவர்…" என்றார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் தோளைத் தொடப் போனேன்.

"நீ வீட்டுக்குப் போ," என்றார்.

அதற்கப்புறம் பத்து நாள். நான் ஆபீசுக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். கை கால்தான் வேலை செய்தது. அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தை மாற்றிக்கொண்டார். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் ஒவ்வொரு வீடாகப் போவது தெரிந்தது. மூலை வீட்டுச் சீனக் கிழவரிடம் போனார். நாய் வளர்க்கிற வீட்டுக்கு முன் நின்று, அவர்களை வெளியே வரச்சொல்லிக் கையைப் பிடித்துக் கேட்டார். எங்கள் வலப்பக்கத்து வீட்டுக்கு வந்தார், இடப்பக்கத்து வீட்டுக்கு வந்தார். நடுவில் இருந்த எங்கள் கேட்டைத் தாண்டிப் போனார். முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவேன் என்று சொன்னவர்.

எங்க வீட்டுக்காரர், "நான் அப்பவே சொன்னேன்," என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனசை ஆற்றிக்கொள்ளலாம். பாவி மனுஷன், ஒன்றுமே சொல்லவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து காப்பி கலக்கி வைத்தார்.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை அவர் வீட்டில் பந்தல் போட்டு விருந்து வைத்தார்கள். சந்து முழுக்கக் கார். நாங்கள் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது எங்கள் கேட்டில் ஒரு பை தொங்கியது. நெய்ச்சோறும் கோழியும். முன்பெல்லாம் அக்கா ரோட்டிலிருந்தே கூவி, நான் ஓடிவந்து வாங்கும்வரை நகரமாட்டார். இப்போது மாட்டிவிட்டுப் போயிருந்தார். எங்க வீட்டுக்காரர் பையைத் திறந்து பார்த்து, "உனக்குக் கோழிதான் வச்சிருக்கு," என்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கிளம்புகிற நாள் காலை ஒன்பது மணிக்கு வேன் வந்து நின்றது. சந்தே வெளியே வந்து நின்றது. நான் எங்கள் போர்ச்சில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். கேட்டைத் திறக்க மனசு வரவில்லை, உள்ளே போகவும் மனசு வரவில்லை. எதிர் வீட்டு வாசலில் தம்பிக்காரர் தன் காதருகே கையை வைத்துப் பாங்கு சொன்னார். பயணம் கிளம்புகிறவர்களுக்கு அப்படிச் சொல்வது வழக்கம். பெண்கள் அழுதார்கள். அக்கா தலை முதல் கால் வரை வெள்ளையில் வெளியே வந்தார். பத்து நாளில் இளைத்துப் போயிருந்தார். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார், பேரப்பிள்ளைகளை முத்தமிட்டார், வேன் கதவு வரை போனார்.

அங்கே நின்றார். திரும்பி ரோட்டைக் கடந்து நேராக எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"திற," என்றார்.

கொண்டியைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. எங்க வீட்டுக்காரர் பின்னாலிருந்து வந்து எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க," என்று ஆரம்பித்தேன்.

"இரு. இன்னைக்குக் கேட்க வேண்டியவ நான்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பத்து நாளா உன் மேல கோபம். தொழ நின்னா உன் முகம்தான் வருது. அந்தப் போத்தலுக்காக இல்ல. அது தெரியாம நடந்தது, எங்க பள்ளிவாசல் உஸ்தாஸ்கிட்ட கேட்டேன், குத்தமில்லைன்னு சொல்லிட்டார். ஆறு மாசம் என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சியே, அதுக்காக. அந்தக் கோபத்தைத் தூக்கிக்கிட்டு அங்க போக முடியாது. அதை விட்டுட்டேன். பத்து நாள் உன் வீட்டு வாசலைத் தாண்டிப் போனேன் பாரு, அதுக்கு என்னை மன்னிச்சிடு."

நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

"உன் வீட்டுல நான் சாப்பிட்டது, குடிச்சது எல்லாத்தையும் மனசார எனக்கு விட்டுக் கொடு."

"கொடுத்துட்டேன்க்கா."

"அவர் சாப்பிட்டது?"

வேன்காரர் ஹாரன் அடித்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் கையையும் விடவில்லை.

"அவர் போகும்போது உன்கிட்ட கேட்கல. பேச்சே வரல அவருக்கு. அவருக்காக நான்தானே கேட்கணும்? அவர் சாப்பிட்டதையும் விட்டுக் கொடு."

"கொடுத்தேன்," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு," என்றார் அக்கா. "நான் அவருக்குப் போய்ச் சொல்லணும்."

சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சத்தமாகச் சொன்னேன்.